லேசர் அடிச்சா ஒரு பொருள் குளிருமா?

கேள்வி: இரும்பையே வெட்டுற லேசரை ஒரு கிரிஸ்டல் மேல அடிச்சு அதை மைனஸ் டிகிரிக்கு கொண்டு போறாங்கன்னு படிச்சேன். சூடுதானே ஆகணும், எப்படிங்க குளிரும்?

பதில்: எனக்கும் முதல்ல நம்ப முடியலங்க, ஆனா நிஜம். இட்டர்பியம்னு ஒரு தனிமம், அதோட அணுக்களை கொஞ்சம் கலந்து வளர்த்த ஃப்ளூரைடு கிரிஸ்டல்ல 1020 நானோமீட்டர் அலைநீளமுள்ள லேசரை விடுறாங்க, அந்த ஒளிய உள்ள வாங்குற அணு அடுத்த படிக்கு ஏறுது, அங்க இன்னும் கொஞ்சம் மேல போக தேவையான சக்திய கிரிஸ்டலோட அதிர்வுல இருந்தே எடுத்துக்குது (வெப்பம்ங்கிறதே அந்த அதிர்வுதான்), அப்புறம் கீழ இறங்கும்போது சராசரியா 999 நானோமீட்டர்ல ஒளிய வெளிய விடுது. அலைநீளம் குறைஞ்சா சக்தி கூட. அதாவது வாங்கினத விட கூடுதலா குடுத்துட்டு போகுது, அந்த கூடுதல் கிரிஸ்டலோட சூடுதான்.

இத ஜெர்மன் இயற்பியலாளர் பிரிங்ஸ்ஹைம் 1929லயே சொல்லிட்டார். வெப்ப இயக்கவியல் விதிக்கு (மொத்த ஒழுங்கின்மை குறையவே குறையாதுங்கிற விதி) இது ஒத்து வராதுன்னு அப்போ எதிர்ப்பு வந்துச்சு. உள்ள போற லேசர் ஒரே திசை ஒரே நிறம், வெளிய வர்றது எல்லா பக்கமும் சிதறுது, அந்த ஒழுங்கின்மையோடதான் வெப்பமும் வெளிய போகுது, அதனால விதி எதுவும் மீறப்படலன்னு சோவியத் இயற்பியலாளர் லாண்டாவ் 1946ல கணக்கு போட்டு காட்டினார். எனக்கு இதுல ரொம்ப பிடிச்ச இடமே இதுதான்.

ஆனா செஞ்சு காட்ட 1995 ஆயிடுச்சு, அமெரிக்காவோட லாஸ் அலமோஸ் ஆய்வகத்துல, அதுவும் ஒரு கண்ணாடித் துண்டுல, குறைஞ்சது வெறும் 0.3 டிகிரி. ஏன் இவ்வளவு லேட்டுன்னா சுத்தம்தான் பிரச்சனை. மேல சொன்ன ரெண்டு அலைநீளத்தையும் ஒப்பிட்டு பாருங்க, லாபம் நூத்துக்கு 2தான், கிரிஸ்டல்ல துளி இரும்போ செம்போ கலந்திருந்து 100 ஃபோட்டான்ல (ஒளித்துகள்) ரெண்டு மூணு வெப்பமா மாறினாக்கூட மொத்த லாபமும் போச்சு. கிரிஸ்டல சுத்தமா வளர்க்க வளர்க்கத்தான் 2010ல மைனஸ் 118 டிகிரி, 2016ல மைனஸ் 182 வரைக்கும் இறங்க முடிஞ்சுது.

இவ்வளவு கம்மி லாபத்துல ஃப்ரிட்ஜ் எல்லாம் ஓட்ட முடியாதுங்க. ஆனா அசையுற பாகமே இல்ல, மெஷின் அதிர்வே கிடையாது, அதனால சாட்டிலைட்ல குளிர வச்சு ஓட்டுற இன்ஃப்ராரெட் கேமராவுக்கு இது அருமையா பொருந்தும். 2018ல ஒரு இன்ஃப்ராரெட் சென்சாரையே இப்படி மைனஸ் 138 டிகிரிக்கு குளிர வச்சு வேலை செய்ய விட்டுட்டாங்க.