நான்கு இரவுகள், ஏழு பாகங்கள்

அன்புள்ள ஐயா,

பேயும் காதலும் அவிழ வேண்டிய ஒரு கொலை மர்மமும் சேர்ந்த தொடர் ஒன்றின் ஏழு பாகங்களையும் நான்கே இரவுகளில் படித்து முடித்தேன். காதலன் நூறு ஆண்டுகளுக்கு முன்பே கொல்லப்பட்டவன் என்பதை இரண்டாம் பாகத்திலேயே ஊகித்துவிட்டேன். ஆனாலும் நிறுத்த முடியவில்லை. கடைசிப் பாகத்தில் கதாநாயகிக்கு நரை விழுந்தபோது அழுதேன். "இதெல்லாம் ஒரு வாசிப்பா?" என்று அண்ணன் கேட்கிறார். ரகசியம் தெரிந்த பிறகும் ஏன் விடிய விடியப் படித்தேன் என்பது எனக்கே விளங்கவில்லை.

ஒரு வாசகி, திருமங்கலம்

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் மதுரையில் என் பள்ளிக்காலக் கோடை விடுமுறைகள் நினைவுக்கு வந்தன. வார இதழ்களில் வந்த தொடர்கதைகளின் பக்கங்களை அம்மா வாரந்தோறும் எடுத்துச் சேர்த்து, கதை முடிந்ததும் பைண்டு செய்து வைப்பார். தெருவே ஓராண்டு காத்திருந்து படித்த கதையை நான் மொட்டைமாடி நிழலில் இரண்டு பகல்களில் படித்து முடிப்பேன். வாரம் ஓர் அத்தியாயம் படித்த அம்மாவுக்குப் பெரிய திருப்பங்கள் எல்லாம் நினைவிருந்தன. எனக்கோ, மூன்றாம் அத்தியாயத்தில் கதாநாயகி அணைத்த விளக்கு முப்பதாம் அத்தியாயத்தில் தானாக எரிந்தபோது, அணைந்த திரியின் வாசனை இன்னும் மூக்கில் இருந்தது. மர்மக்கதை வாசகரின் நினைவை நம்பி எழுதப்படுவது. இடைவெளி விழுந்தால் முன்கதைச் சுருக்கம் தேவைப்படுகிறது. சுருக்கத்தில் முதலில் உதிர்ந்து போவன இத்தகைய சிறு தடயங்கள்தாம்.

அண்ணனிடம் சிலப்பதிகாரத்தின் கட்டுரை காதையைப் படிக்கச் சொல்லுங்கள். மதுரை எரியும்போது மதுராபதித் தெய்வம் கண்ணகியின் பின்னால் வந்து நின்று, முற்பிறவியில் பரதனாக இருந்த கோவலன் சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பொய்யாகக் காட்டிக் கொல்லச் செய்ததையும், சங்கமனின் மனைவி நீலி இட்ட சாபத்தையும், பதினான்கு நாள் கழித்துக் கண்ணகி தன் கணவனைக் காணப்போவதையும் சொல்கிறது. புதைந்த குற்றம், அதை வெளிப்படுத்தும் அமானுஷ்யக் குரல், சாவோடு முடியாத காதல் என்ற மூன்றும் ஒரே கதையில் சேர்வது நம் ஊருக்குப் புதிதல்ல. மேலும், இவை அனைத்தையும் காப்பியம் தொடங்கும் முன்பே பதிகம் சொல்லிவிடுகிறது: மதுரைக் கோயிலின் வெள்ளியம்பலத்தில் நள்ளிரவில் படுத்திருந்த புலவர் சாத்தனார் அத்தெய்வத்தின் குரலைக் கேட்டதாக. முடிவைத் தெரிந்துகொண்டேதான் நாம் முப்பது காதைகளையும் படிக்கிறோம்.

அழகர்கோயிலில் பதினெட்டாம்படிக் கருப்பரின் கதவுகளுக்கே சந்தனம் பூசி வழிபடுகிறோம். கதவுக்குப் பின்னால் இருப்பவர் யார் என்று அங்கே நிற்கும் குழந்தைக்கும் தெரியும். தெரிந்தும் உடல் சிலிர்க்கிறது.

நீங்கள் ஏன் நிறுத்தவில்லை என்பதற்கு நான் கண்ட விடை இது. இவ்வகைக் கதையின் வேதனை கொலையாளி யார் என்பதில் இல்லை. இருவருடைய காலமும் ஒன்றல்ல என்பதில் இருக்கிறது. அவளுக்கு ஆண்டுகள் கழிகின்றன. அவனோ இறந்த அன்றைய வயதிலேயே நிற்கிறான். ஒவ்வொரு பாகத்துக்கும் ஓராண்டு காத்திருந்து படிப்பவர் அவளோடு சேர்ந்து மூப்படைகிறார். நான்கு இரவுகளில் படித்த நீங்களோ, உங்களை அறியாமலே அவனுடைய இடத்தில் இருந்தீர்கள். ஊர் உறங்கும்போது தனியே விழித்திருந்து, ஒருத்தியின் வாழ்வு முழுவதும் கண்ணெதிரே விரைந்து கழிவதைத் தடுக்க முடியாமல் பார்த்தீர்கள். அந்த நரைக்காக நீங்கள் அழுததை நான் பெரிதாக மதிக்கிறேன். விட்டுவிட்டுப் படித்திருந்தால் அந்தக் கண்ணீர் வந்திருக்காது என்றே நினைக்கிறேன்.

இத்தகைய தொடர்களை எழுதுவோரிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. பாதிக்கு மேல் காதலை மறந்துவிட்டுப் பேய்களின் எண்ணிக்கையைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். ஒரே மூச்சில் படிப்பவருக்கு அந்தத் தளர்ச்சி உடனே தெரிந்துவிடும். நீங்கள் படித்த தொடரில் அப்படி நிகழவில்லை என்பதை உங்கள் கடிதமே சொல்கிறது.

அடுத்த தொடரைத் தொடங்கும் முன், முதல் பாகத்தின் முதல் அத்தியாயத்தை மட்டும் மறுபடி படியுங்கள். அவன் அவளை முதன்முதலாகப் பார்க்கும் இடத்தில், இப்போது உங்களுக்கு என்ன தெரிகிறது என்பதை எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்.