கேள்வி – பதில்: கன்னியாகுமரிக்கு எத்தனை எம்ஏஎச் போதும்?

ஜனவரியில் நானும் தம்பியும் சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு ஏழு நாளில் சைக்கிளில் போகிறோம். இரவில் லாட்ஜில் தங்கல். 30000 எம்ஏஎச் பவர் பேங்க் வாங்க வேண்டும் என்கிறான் தம்பி. என்னிடம் இருக்கும் 20000, என் 5000 எம்ஏஎச் போனை மூன்று முறைகூட முழுதாக ஏற்றுவதில்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
– வாசகர், பெரம்பூர்

ஏமாற்றவில்லை. பெட்டியில் கொட்டை எழுத்தில் இருக்கும் எம்ஏஎச், உள்ளே உள்ள செல்லின் 3.7 வோல்ட்டில் அளந்தது. வெளியே வருவது 5 வோல்ட் அல்லது 9 வோல்ட். வோல்ட் ஏறினால் எம்ஏஎச் இறங்கும். மாற்றித் தரும் சர்க்யூட் சூடாவதில் இன்னும் கொஞ்சம் போகும். அதனால் எம்ஏஎச்சை மறந்துவிட்டு வாட்-மணியில் கணக்குப் போடுங்கள். 20000 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி) என்றால் 20 ஆம்பியர்-மணி; அதை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-மணி. கேபிள் வழியே கைக்கு வருவது சுமார் 62. 5000 எம்ஏஎச் போனின் பேட்டரி ஏறக்குறைய 19 வாட்-மணி. அதை நிரப்ப, போனுக்குள் ஆகும் இழப்பையும் சேர்த்து 21, 22 வேண்டும். மூன்றுக்குக் கொஞ்சம் குறைவாக வருவதுதான் சரியான கணக்கு. பவர் பேங்கின் அடியில் பொடி எழுத்தில் 'ரேட்டட் கெபாசிட்டி' என்று வேறொரு எண் இருக்கும். 10000-க்கு அது 6000-ஐ ஒட்டி இருந்தால் நல்ல பொருள்.

இப்போது உங்கள் ஒரு நாள் செலவைப் பார்ப்போம். வெயிலில் திரையை முழு வெளிச்சத்தில் வைத்து ஆறு மணி நேரம் மேப் ஓடினால் மணிக்கு 3 வாட்-மணி என்று 18. போட்டோ, வாட்ஸ்அப், வீட்டுக்கு ஃபோன் என்று 5. பின் விளக்கு 2. ஜிபிஎஸ் மீட்டர் இருந்தால் 4. ஆக 29. இதில் 19 போனிலேயே இருக்கிறது. பவர் பேங்கிலிருந்து எடுக்க வேண்டியது சுமார் 10 வாட்-மணிதான். ஒரு 10000 எம்ஏஎச் 31 தரும். தினமும் லாட்ஜில் பிளக் கிடைக்கும் பயணத்துக்கு இதற்கு மேல் சுமப்பது வீண். திரையை அணைத்துவிட்டு, திருப்பங்களைக் குரலில் மட்டும் கேட்டால் அந்த 10-ம் தேவைப்படாது. ஆக்‌ஷன் கேமரா இருந்தால் மட்டும் அதன் ஒவ்வொரு பேட்டரிக்கும் 6, 7 வாட்-மணி கூட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டு பேர் போகிறீர்கள் என்பதால் 30000 ஒன்றைவிட ஆளுக்கொரு 10000 மேல். ஒன்று 200 கிராம் சுற்றி இருக்கும். ஒன்று பழுதானால் இன்னொன்று இருக்கும். இரவில் இரண்டையும் ஒரே நேரத்தில் சார்ஜ் போடலாம்.

வாங்கும்போது பலரும் பார்க்காத வரி 'இன்புட்'. அதில் 5 வோல்ட் 2 ஆம்பியர் என்று மட்டும் இருந்தால் அது 10 வாட். அந்த வேகத்தில் 20000 நிரம்ப ஒன்பது, பத்து மணி நேரம் ஆகும். இரவு ஒன்பதுக்கு லாட்ஜ் சேர்ந்து நாலரைக்குக் கிளம்புகிறவருக்கு அது நிரம்பவே நிரம்பாது. 9 வோல்ட் 2 ஆம்பியர் (18 வாட்) உள்ள 10000 மூன்று மணி நேரத்துக்குள் நிரம்பிவிடும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஹோட்டலில் முக்கால் மணி கிடைத்தாலும் நான்கில் ஒரு பங்கு ஏறிவிடும். சார்ஜரும் அதே வாட் தருவதாக இருக்க வேண்டும்; பழைய 10 வாட் சார்ஜரில் போட்டால் எந்தப் பவர் பேங்கும் மெதுவாகத்தான் ஏறும். சின்ன லாட்ஜ்களில் பல நேரம் டிவிக்குப் பின்னால் ஒரே ஒரு பிளக்தான் இருக்கும். இரண்டு, மூன்று போர்ட் உள்ள ஒரு சார்ஜரும், ஒன்றரை மீட்டர் கேபிள் ஒன்றும் எடுத்துப் போங்கள்.

ரிச்சி தெருவில் 50000 எம்ஏஎச் பவர் பேங்க் 600 ரூபாய்க்குக் கிடைக்கிறது. வாங்கலாமா?
– வாசகர், வியாசர்பாடி

வேண்டாம். தராசு ஒன்று போதும், குட்டு வெளிப்படும். இதில் போடுகிற 18650 என்ற உருளை செல் ஒன்று 45 முதல் 50 கிராம். நல்ல கம்பெனி செல்லே பொதுவாக 3500 எம்ஏஎச்சைத் தாண்டாது. 50000-க்கு அப்படிப் பதினைந்து செல் வேண்டும். செல் மட்டுமே முக்கால் கிலோ வரும். கையில் கால் கிலோ கனத்தால் உள்ளே என்ன இருக்கும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைவனம்) முத்திரையோடு 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண் இருக்கிறதா பாருங்கள். 'பிஐஎஸ் கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனி, எந்தப் பொருளுக்கு வாங்கியது என்று காட்டும். பெயர் பொருந்தாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அதே ரிச்சி தெருவில் யூஎஸ்பி மீட்டர் விற்கிறார்கள், அதை வாங்குங்கள். பவர் பேங்கை முழுதாக ஏற்றி, மீட்டரை நடுவில் செருகி, அது தானாக அணையும் வரை போனையோ வேறு எதையோ சார்ஜ் போடுங்கள். 10000-க்கு 30 வாட்-மணி காட்டினால் தேறியது. 20-க்குக் கீழே என்றால் செல் பழசு, அல்லது பொய்.

400 கி.மீ. பிரெவேக்கு (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) தயாராகிறேன். புதிதாக வாங்கிய பின் விளக்கில் டைப்-சி போர்ட் இருக்கிறது. பவர் பேங்கின் டைப்-சியில் இணைத்தால் சார்ஜே ஏறவில்லை. பழைய சதுர போர்ட்டில் இணைத்தால் ஏறுகிறது, ஆனால் பாதியில் நின்றுவிடுகிறது. எதில் கோளாறு?
– வாசகர், திருவான்மியூர்

இரண்டும் வெவ்வேறு கோளாறுகள். டைப்-சியிலிருந்து டைப்-சிக்குப் போகும் கேபிளில், எதிர்முனையில் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இருப்பதைக் கண்டால்தான் பவர் பேங்க் கரண்ட்டைத் திறந்துவிடும். மலிவு விளக்குகளில் சில பைசா மிச்சம் பிடிக்க அந்த ரெசிஸ்டரை விட்டுவிடுகிறார்கள். சதுர யூஎஸ்பி-ஏ போர்ட்டில் இந்த விசாரிப்பு கிடையாது, 5 வோல்ட் நேராக வரும். ஆகவே ஏ-யிலிருந்து சி-க்குப் போகும் ஒரு சாண் கேபிள் ஒன்று பையில் இருக்கட்டும். ஏ போர்ட் ஒன்றாவது உள்ள பவர் பேங்காகப் பார்த்து வாங்குங்கள். இரண்டு பக்கமும் டைப்-சி மட்டுமே வைத்த புது மாடல்கள் பார்க்க அழகு, சைக்கிள்காரருக்குத் தொல்லை.

பாதியில் நிற்பதற்குக் காரணம் வேறு. விளக்கு, இயர்பட்ஸ், ஜிபிஎஸ் மீட்டர் எல்லாம் இழுப்பது சொற்ப கரண்ட். அது 50, 100 மில்லி ஆம்பியருக்குக் கீழே போனதும், எதுவும் மாட்டவில்லை என்று நினைத்துப் பவர் பேங்க் தூங்கிவிடும். சில மாடல்களில் பட்டனை இருமுறை அழுத்தினால் குறைந்த கரண்ட் முறைக்கு மாறும், கையேட்டில் பாருங்கள். அந்த வசதி இல்லையென்றால் இன்னொரு போர்ட்டில் போனையும் மாட்டிவிடுங்கள். போன் இழுக்கும் வரை பவர் பேங்க் விழித்திருக்கும்.

பிரெவேயில் இதைவிடப் பெரிய விஷயம் முன் விளக்கு. 400-க்கு நேர வரம்பு 27 மணி. ஓர் இரவு முழுக்க இருட்டில் ஓட்ட வேண்டும். 400 லூமென் விளக்கு ஒன்று முழு வெளிச்சத்தில் இரண்டு மணி நேரம் தாக்குப் பிடித்தால் பெரிது. கேபிள் மாட்டிய நிலையிலும் அது எரிகிறதா என்று வீட்டிலேயே சோதியுங்கள். பல விளக்குகள் சார்ஜ் ஏறும்போது அணைந்துவிடும், அல்லது மங்கலான நிலைக்கு இறங்கிவிடும். விழுப்புரத்தைத் தாண்டி நள்ளிரவில் அதைக் கண்டுபிடிப்பது நன்றாக இருக்காது. கழற்றி மாற்றும் 21700 செல் உள்ள விளக்கானால் கவலை குறைவு: 5000 எம்ஏஎச் செல் ஒன்று 18 வாட்-மணி, மாற்ற அரை நிமிடம். உதிரி செல்லைப் பிளாஸ்டிக் டப்பாவில்தான் வைக்க வேண்டும். ஆலன் கீயோடு சேர்த்துப் பையில் போட்டால் ஷார்ட் ஆகித் தீப்பிடிக்கும்.

மே மாதம் ஈசிஆரில் ஹேண்டில்பாரில் மாட்டிய போன் சார்ஜ் ஏறாமல் 'சூடு' என்று எச்சரிக்கிறது. மழைக்காலத்தில் 'ஈரம்' என்கிறது. என்னதான் செய்வது?
– வாசகர், நீலாங்கரை

போன் சொல்வதைக் கேளுங்கள். லித்தியம் செல்லை 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் செய்தால் அதன் ஆயுள் மளமளவென்று குறையும்; அதனால்தான் போன் தானே நிறுத்திக்கொள்கிறது. உச்சி வெயில், முழு வெளிச்சத்தில் திரை, ஜிபிஎஸ், கூடவே வேக சார்ஜிங் என்று நான்கு சூடும் ஒன்றாகச் சேருகின்றன. விடிகாலை ஐந்திலிருந்து ஒன்பதுக்குள் ஓட்டத்தில் ஏற்றுங்கள். அதற்கு மேல் டீக்கடை நிழலில் நிற்கும்போது மட்டும். ஓட்டத்தில் வேக சார்ஜிங் தேவையில்லை, 5 வாட் போதும். போன் கவரைக் கழற்றுங்கள். வயர்லெஸ் சார்ஜிங் மவுண்ட் வாங்கவே வாங்காதீர்கள், இழப்பு அத்தனையும் போன் முதுகில் சூடாகத்தான் இறங்கும். பவர் பேங்கை டாப் டியூப் (ஃப்ரேமின் மேல் குழாய்) மேலுள்ள கறுப்புப் பையில் வைக்காமல், அதற்குக் கீழே ஃப்ரேம் பைக்குள் நிழலில் வையுங்கள்.

ஈரத்தில் மழையைவிட வியர்வை மோசம். தாடையிலிருந்து சொட்டும் உப்புத் தண்ணீர் நேராக டாப் டியூப் பை மேல் விழுந்து, கேபிள் வழியாக உள்ளே இறங்கும். 5 வோல்ட் பாய்கிற பின்னில் உப்பு ஈரம் பட்டால் ஓரிரு வாரத்தில் பச்சை பிடித்து, கறுத்து, பின் அரித்துவிடும். கேபிள் பைக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்கட்டும். சொட்டு அந்த வளைவின் அடியில் விழுந்துவிடும். முனை 'எல்' வடிவில் மடங்கிய கேபிள் ஆட்டத்திலும் போர்ட்டைத் தளர்த்தாது. 'ஈரம்' என்று வந்தால் போர்ட்டைக் கீழ்ப்பக்கமாகப் பிடித்து உள்ளங்கையில் தட்டி, ஃபேன் காற்றில் வையுங்கள். அரிசி மூட்டையில் புதைத்தால் தூசிதான் உள்ளே போகும்.

டைனமோ ஹப் அல்லது சோலார் தகடு போட்டால் பவர் பேங்கே வேண்டாமே?
– வாசகர், அம்பத்தூர்

வேண்டும். சக்கரத்தின் நடுவில் இருக்கும் ஹப் டைனமோ 6 வோல்ட், 3 வாட். மணிக்கு 15 கி.மீ. வேகத்துக்கு மேல்தான் அது ஒழுங்காகக் கிடைக்கும். ஏசியை டிசியாக்கி யூஎஸ்பிக்கு வரும்போது 2, இரண்டரை வாட். ஒவ்வொரு சிக்னலிலும் நின்றுவிடும் என்பதால் நடுவில் பவர் பேங்க் இல்லாமல் போன் தவிக்கும். ஆறு மணி ஓட்டத்துக்கு 12 முதல் 15 வாட்-மணி வரும். ஊருக்கு ஊர் பிளக் இருக்கும் தமிழ்நாட்டுக்கு இது தேவையில்லாத செலவு; நாள்கணக்கில் கரண்ட் இல்லாத மலைப் பாதைக்குப் போகிறவர் யோசிக்கலாம்.

மூடியில் சோலார் ஒட்டிய பவர் பேங்கின் தகடு ஒன்று, ஒன்றரை வாட்தான். 20000 நிரம்ப அறுபது மணி நேரம் சுள்ளென்ற வெயில் வேண்டும். அவ்வளவு நேரம் லித்தியம் பேட்டரியை வெயிலில் காயப் போடக் கூடாது என்பது தனி.

திரும்பி வரும்போது ரயிலா, விமானமா என்று முடிவாகவில்லை. பவர் பேங்கால் சிக்கல் வருமா? பரணில் கிடந்த பழைய ஒன்று லேசாக உப்பியிருக்கிறது. அதையும் எடுத்துப் போகலாமா?
– வாசகர், தாம்பரம்

விமானத்தில் பவர் பேங்க் கைப்பையில்தான் வர வேண்டும். செக்-இன் பெட்டியிலோ சைக்கிள் பெட்டியிலோ வைத்தால் எடுக்கச் சொல்வார்கள். 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை. அது சுமார் 27000 எம்ஏஎச். 30000 என்றால் 111 ஆகிவிடும், முன்கூட்டியே விமான நிறுவனத்திடம் கேட்க வேண்டும். வாட்-மணி எழுத்து அழிந்துபோன பவர் பேங்கைப் பாதுகாப்புச் சோதனையில் நிறுத்திவைக்கவும் கூடும். ரயில் பெட்டியின் பிளக்கில் பெரும்பாலும் 110 வோல்ட்தான் வரும். '100–240' என்று அச்சடித்த சார்ஜர் அதில் வேலை செய்யும். இரவில் பிளக்குகளை அணைத்துவிடுவதும் உண்டு, அதனால் ஏறிய உடனே போட்டுவிடுங்கள்.

உப்பியதை எடுத்துப் போகாதீர்கள், இனி சார்ஜும் போடாதீர்கள். உள்ளே வாயு சேர்ந்திருக்கிறது. குத்தினாலோ அமுக்கினாலோ தீப்பிடிக்கும். குப்பைத் தொட்டியில் போட்டால் லாரியில் நசுங்கும். உலர்ந்த மணல் போட்ட தகர டப்பாவில் வைத்து மின்கழிவு வாங்குமிடத்தில் சேர்த்துவிடுங்கள். அடுத்ததைப் பரணில் போடும்போது பாதி சார்ஜில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்து மறுபடி பாதிக்குக் கொண்டுவாருங்கள். ஓட்டுக்குக் கீழே இருக்கும் பரண் என்றால் அங்கே வைக்காமல் பீரோவின் அடித்தட்டில் வையுங்கள்.