டேவிட் போவியின் 2013 ஆல்பத்துக்கு ஏன் அவ்வளவு பரபரப்பு?

பத்து வருடம் புது ஆல்பமே போடாத பிரிட்டிஷ் ராக் பாடகர் டேவிட் போவி திரும்பி வந்ததை உலகம் ஏன் அப்படிக் கொண்டாடியது என்று கேட்டிருக்கிறீர்கள்.

யாரும் எதிர்பார்க்காததுதான் முதல் காரணம். எங்கள் கிருஷ்ணகிரிப் பக்கம் மாமரம் ஒரு வருடம் ஓய்ந்தால் மறு வருடம் காய்த்துவிடும். இவர் 2003 ஆல்பத்தோடு ஓய்ந்தவர். 2004இல் ஜெர்மனியில் ஒரு நிகழ்ச்சி முடிந்ததும் இதயக் குழாய் அடைப்புக்குச் சிகிச்சை. அப்புறம் மேடைப் பயணமே இல்லை. சரி, ஓய்வு பெற்றுவிட்டார் என்று ரசிகர்களும் விட்டுவிட்டார்கள்.

ஆனால் நியூயார்க்கில் பழைய தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டியோடு ஏறக்குறைய இரண்டு வருடம் ரகசியமாகப் பதிவு நடந்திருக்கிறது. வாசித்தவர்களிடம், வெளியே மூச்சு விடக் கூடாது என்று கையெழுத்தே வாங்கியிருந்தார்கள். தன் 66வது பிறந்தநாளான ஜனவரி 8 அன்று முன்னறிவிப்பே இல்லாமல் ஒரு பாட்டை இணையத்தில் விட்டார். மார்ச்சில் ஆல்பம் வந்தது, பிரிட்டனில் முதலிடம். 1993க்குப் பிறகு அவருக்கு அங்கே அதுதான் முதல் முறை.

அட்டைப்படம் இன்னும் குறும்பு: தன் 1977 ஆல்பத்தின் அட்டையையே எடுத்து, முகத்தின் மேல் ஒரு வெள்ளைச் சதுரத்தை வைத்துவிட்டார்.

பாட்டுகள் எல்லாமே ஒரே தரம் என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் பாதி எனக்குக் கொஞ்சம் நீளம்தான்.