அம்மா வீட்டுத் தண்ணீர்

வணக்கம் ஐயா,

மும்பை செம்பூரில் வளர்ந்தவள் நான். நியூ ஜெர்சிக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. ஜூலையில் மூன்று வாரம் அம்மா வீட்டுக்கு வருகிறோம். குழந்தைகளுக்கு எட்டு வயது, மூன்று வயது. சொந்தக்காரர்களுக்கு என்ன வாங்கி வருவது? எதைக் கொடுத்தாலும் ‘இங்கேயே கிடைக்குதே’ என்கிறார்கள். குழந்தைகளுக்குத் தனியாக ஊசி எதுவும் போடவில்லை. நாங்கள் குடித்து வளர்ந்த தண்ணீர்தானே? காய்ச்சிக் கொடு என்றால் அம்மா மனசு நோகும்.

ம.

அன்புள்ள ம.,

பரிசு விஷயத்தில் அவர்கள் சொல்வது சரிதான், எல்லாம் இங்கேயே கிடைக்கிறது. அதை விடுங்கள். என் கண் கடைசி மூன்று வரியில் நின்றுவிட்டது. மழை தொடங்கினாலே எனக்கு இதே கவலை. அமெரிக்கப் பள்ளிகளின் கோடை விடுமுறை சரியாக மும்பை மழையில் வந்து விழுகிறது.

சொந்தபந்தங்களைப் பார்க்க வருகிறவர்களுக்குச் சுற்றுலாப் பயணிகளைவிட டைஃபாய்டும் மலேரியாவும் அதிகம் வருகின்றன. பயண மருத்துவம் பார்ப்பவர்களுக்கு இது பழைய செய்தி. சுற்றுலாக்காரர் பயந்துகொண்டே வருகிறார். நீங்கள் உரிமையோடு வருகிறீர்கள், அத்தை நீட்டும் டம்ளரை மறுக்க மாட்டீர்கள்.

‘குடித்து வளர்ந்த தண்ணீர்’ என்ற பேச்சை இன்றோடு நிறுத்துங்கள். உங்கள் குழந்தைகள் அதைக் குடித்து வளரவில்லையே! உங்களுக்கே மலேரியாவைத் தாங்கும் சக்தி கொஞ்சம் இருந்திருந்தாலும், ஊரைவிட்டுப் போன சில வருடங்களில் அது தேய்ந்திருக்கும். டெங்குவில் கணக்கு இன்னும் மோசம். அந்த வைரஸ் நான்கு வகை. சின்ன வயதில் ஒரு வகை தெரியாமலே வந்து போயிருந்தால், இப்போது வேறு வகை தொற்றும்போது நோய் முற்றும் வாய்ப்பு கூடுதல். அந்தக் கொசு பகலில் கடிக்கும். மத்தியானத் தூக்கத்துக்கும் வலை கட்டுங்கள்.

டைஃபாய்டு ஊசியைக் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே போட்டுவிட வேண்டும். அங்கே கிடைக்கும் ஊசியை இரண்டு வயது முடிந்தவர்களுக்குப் போடலாம், ஆகவே சின்னவளுக்கும் ஆகும். மலேரியா மாத்திரை தேவையா என்று ஊசி போடும் டாக்டரிடமே கேளுங்கள். ஊசி முழுக் காப்பு அல்ல. தண்ணீரில் கவனம் வேண்டும்.

மாநகராட்சி ஏரித் தண்ணீரைச் சுத்தம் செய்து குளோரின் கலந்துதான் அனுப்புகிறது. கெடுவது வழியில். தண்ணீர் வருவது சில மணி நேரம்தான். நின்றதும் குழாயில் அழுத்தம் இறங்கி, விரிசல் வழியே சுற்றியுள்ள அழுக்கு நீர் உள்ளே போகிறது. பிறகு கட்டடத்தின் கீழ்த்தொட்டி, மேல்தொட்டி. தளதளவென்று கொதி வந்தபின் ஒரு நிமிடம் போதும். அரைமணி காய்ச்சிவிட்டு, ஆறிய குடத்தில் டம்ளரோடு கையையும் விட்டால் காய்ச்சியது வீண். மூடி போட்டு, குழாய் வைத்த எவர்சில்வர் பாத்திரத்தில் வையுங்கள். பல் தேய்க்கவும் அதே தண்ணீர்தான். ஐஸ் கூடாது.

வயிற்றுப்போக்கு வந்தால் ஓ.ஆர்.எஸ். (உப்பு-சர்க்கரைத் தூள்) கொடுங்கள். கரைக்கும்போது பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவைப் படியுங்கள். பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கு. அதை ஒரு டம்ளரில் கொட்டிக் கலக்கினால் உப்பு ஏறிக் குழந்தைக்கு ஆபத்து. கரைத்ததை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள்.

அம்மா மனசு நோகும் என்கிறீர்கள். கைக்குழந்தையாக இருந்தபோது உங்களுக்கு வெந்நீர் ஆற்றிக் கொடுத்தது யார்? ‘நீ காய்ச்சி வைத்தால்தான் எனக்கு நிம்மதி’ என்று அவரிடமே பொறுப்பைக் கொடுத்துப் பாருங்கள். மறுநாள் அத்தை வீட்டுக்குக் கிளம்பும்போது உங்கள் பையில் பாட்டிலை வைப்பவர் அவராகத்தான் இருப்பார்.

திரும்பிப் போனபின் யாருக்காவது காய்ச்சல் வந்தால், இரண்டு மாதம் கழிந்திருந்தாலும், டாக்டரிடம் முதல் வார்த்தையாக ‘இந்தியா போய் வந்தோம்’ என்று சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் அங்கே அவருக்கு மலேரியா நினைவுக்கு வராமலே போகலாம்.