மண்டிச் சீட்டில் குறைந்த 156 ரூபாய்

இலவம்பாடியிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: “ஐயா, முள்ளுக் கத்தரிக்காய் 6 மூட்டை வேலூர் மண்டியில் போட்டோம். மூட்டை 49 கிலோ, கிலோ 29 ரூபாய். சாக்குக்கு மூட்டைக்கு 1 கிலோ கழிவு, கமிஷன் நூற்றுக்கு 10, இறக்குக் கூலி மூட்டைக்கு 20 என்று பேச்சு. சீட்டில் 7,240 ரூபாய் 20 காசு என்று இருக்கிறது. சரிதானா? அங்கேயே நின்று மனக்கணக்காகப் பார்க்க முடியுமா?”

முடியும் அம்மா. 2023-ல் புவிசார் குறியீடு வாங்கிய காய் அது. காம்பு முள் கையில் ஏற ஏறப் பறித்ததற்கு உரிய காசு முழுசாக வந்து சேர வேண்டும்.

முதலில் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: கிலோவைக் கிலோவில்தான் கழிக்க வேண்டும், ரூபாயை ரூபாயில்தான். சாக்குக் கழிவு கிலோ. அதனால் விலையைப் பெருக்கும் முன்பே அதை எடுத்துவிட வேண்டும். 49-ல் 1 போனால் 48. ஆறு நாற்பத்தெட்டு 288 கிலோ.

அடுத்து 288-ஐ 29-ஆல் பெருக்கப் பேப்பர் தேட வேண்டாம். 29-ஐ 30 என்றே வைத்துக்கொள்ளுங்கள். 288 முப்பது 8,640. கிலோவுக்கு 1 ரூபாய் கூடுதலாகப் போட்டோம் இல்லையா, அந்த 288-ஐத் திரும்ப எடுத்தால் 8,352. 19, 39, 49 என்று ஒன்பதில் முடிகிற எந்த விலைக்கும் இதே வழிதான்.

கமிஷன் பத்தில் ஒரு பங்கு, 835 ரூபாய் 20 காசு. கழித்தால் 7,516.80. கூலி 6 இருபது 120. அதுவும் போக, உங்கள் கைக்கு வர வேண்டியது 7,396 ரூபாய் 80 காசு.

சீட்டில் குறைகிறது. எவ்வளவு? கடைக்காரர் சில்லறை எண்ணிக் கொடுப்பது மாதிரி கீழிருந்து மேலே போங்கள். 7,240.20-லிருந்து 7,300-க்கு 59.80, அப்புறம் 96.80. ஆக 156 ரூபாய் 60 காசு.

இந்தத் தொகையே விஷயத்தைச் சொல்லிவிடுகிறது. ஒரு கிலோவுக்கு 29 ரூபாய், கமிஷன் போக உங்களுக்கு நிற்பது 26.10. அதை ஆறால் பெருக்கிப் பாருங்கள், அச்சாக 156.60. மூட்டைக்கு 1 கிலோ என்று பேசிவிட்டு 2 கிலோ கழித்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. வேண்டுமென்றே செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். ஈரச் சாக்கு, அழுகல் என்று ஏதாவது காரணம் வைத்திருக்கலாம். ஆனால் அதை எடை போடும்போதே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டும்.

சீட்டோடு போய், “மூட்டைக்கு எத்தனை கிலோ கழித்தீர்கள்?” என்று மட்டும் கேளுங்கள். மொத்தத் தொகையைப் பற்றி முதலில் பேச வேண்டாம். அடுத்த தடவை காயை இறக்கியதும் வெறும் சாக்கு ஒன்றைத் தராசில் போடச் சொல்லி, அந்த எடையைச் சீட்டிலேயே எழுதி வாங்கிவிடுங்கள்.