தீப்பெட்டியில் இருந்த கல்

கேள்வி: நாங்கள் பத்தாங் பெர்ஜுந்தையில் இருக்கிறோம். மகன் தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். அவனுக்குக் கடல் என்றால் உயிர். படக் கலைக்களஞ்சியம், சுறா பொம்மைகள், கோலாலம்பூர் மீன் காட்சியகத்துக்கு டிக்கெட், சனிக்கிழமை இணைய வகுப்பு என்று எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். வகுப்பில் பத்து நிமிடம் உட்கார மாட்டேன் என்கிறான். பின்கட்டில் மாமியார் மீன் ஆயும் இடத்துக்கு ஓடிவிடுகிறான். சட்டையெல்லாம் வாடை. மீன் தலையிலிருந்து எடுத்தது என்று இரண்டு கல்லைத் தீப்பெட்டியில் வேறு வைத்திருந்தான், தூக்கி எறிந்தேன். கடலைப் பற்றி முறையாகச் சொல்லிக்கொடுக்க இன்னும் என்ன வாங்கலாம்?

பதில்: எதுவும் வாங்க வேண்டாம். வாங்கியதே அதிகம்.

இப்படிக் கடிதங்கள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. பிள்ளைகளின் ஆசை விண்வெளி, டைனோசர், கடல் என்று மாறுகிறது. பெற்றோர் என்னிடம் கேட்பது மட்டும் மாறுவதில்லை. அக்கறையுள்ள அம்மா என்று நான் தட்டிக்கொடுப்பேன் என எதிர்பார்த்திருந்தால், அது நடக்காது. எனக்கு அந்தத் தீப்பெட்டியைப் பற்றித்தான் பேச வேண்டும்.

உங்கள் மாமியார் அன்று ஆய்ந்தது பெரும்பாலும் கெலாமா மீனாக இருக்கும். அதன் தலைக்குள் வெள்ளையாக, கெட்டியாக இருக்கும் அந்தக் கல் மீனின் செவிக்கல். எலும்புள்ள மீன்களுக்கெல்லாம் உண்டு, கெலாமாவுக்குப் பெரிது. மீன் ஒலியைக் கேட்பதற்கும், கலங்கிய தண்ணீரில் தலைகீழாகாமல் நீந்துவதற்கும் அது வேண்டும். மீன் வளர வளர அதன்மேல் சுண்ணாம்பு படலம் படலமாகப் படிகிறது. மீன்வள ஆய்வாளர்கள் அதை மெல்லியதாக அறுத்து, நுண்ணோக்கியில் வைத்துப் படலங்களை எண்ணித்தான் மீனின் வயதைக் கணிக்கிறார்கள். அந்த மீன் கடலில் வாழ்ந்த காலத்தையே பையன் பத்திரப்படுத்தி வைத்திருந்தான். அதைக் குப்பையில் போட்டுவிட்டு, கடலைக் கற்றுக்கொடுக்க வழி கேட்டு எனக்கு எழுதுகிறீர்கள்! முதலில் அவனிடம் மன்னிப்புக் கேளுங்கள். பெற்றவள் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை ஒன்றும் குறைந்துவிடாது.

சரி, அந்தக் கல்லை எடுத்துக் கொடுத்தது யார்? எட்டு வயதுப் பையனா மீன் மண்டையை உடைத்தான்? கடிதத்தில் மாமியாரை வாடையோடு சேர்த்து ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நீங்கள் மூக்கைப் பிடிக்கும் ஒவ்வொரு முறையும், பாட்டி தள்ளி வைக்க வேண்டியவர் என்று அவன் படித்துக்கொள்கிறான். காசு கட்டும் எந்த வகுப்பையும்விட அந்தப் பாடம் சீக்கிரம் மனத்தில் ஏறும். வாடை போகப் புளி தேய்த்துக் கழுவினால் போதும். அதையும் மாமியாரையே கேளுங்கள், சொல்லித் தருவார்.

இனிப் பசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) மீன்காரர் சுத்தம் செய்து தரட்டுமா என்றால் வேண்டாம் என்று சொல்லி, முழு மீனாக வாங்கி வாருங்கள். கெம்போங் மீனின் வாயை அகலத் திறந்து பார்த்தால், செவுளை ஒட்டி நீளநீளமாக மெல்லிய இழைகள் தெரியும். கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிர்களை அது வடிகட்டித் தின்பது அவற்றால்தான். சோத்தோங்கை, அதாவது கணவாயை, கீறினால் மைப்பை இருக்கும், வாயில் அலகு இருக்கும். உயிரோடு இருந்தபோது அதற்கு மூன்று இதயங்கள், இரத்தம் நீலம். கெராங் என்னும் சிப்பியைத் திறந்தாலோ சிவப்பு. நம் இரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின் அதிலும் இருக்கிறது. ஒன்றுக்கு நீலம், இன்னொன்றுக்குச் சிவப்பு ஏன் என்று பையன் கேட்பான். பாட்டிக்குத் தெரியாது. அலமாரியில் தூங்கும் கலைக்களஞ்சியத்தை அப்போது எடுங்கள். செம்பு, இரும்பு என்று தேடட்டும். செம்பிலாங் என்னும் கெளுத்தி வகை மீனை வாங்கினால் மட்டும் எச்சரிக்கை: முதுகில் ஒன்று, பக்கத்துக்கு ஒன்று என மூன்று நச்சு முட்கள். செத்த பிறகும் குத்தினால் விஷம்தான். பாட்டி முள்ளை ஒடித்த பிறகே அவன் கை வைக்க வேண்டும்.

கடலையும் காட்டுங்கள். உங்கள் ஊர்ச் செம்பனைத் தோட்டத்துக் கால்வாய்த் தண்ணீர் சிலாங்கூர் ஆற்றில் விழுந்து, கோலசிலாங்கூரில் மலாக்கா நீரிணையோடு சேர்கிறது. அரை மணி நேரப் பயணத்துக்கு இத்தனை நாள் என்ன யோசனை? அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் போங்கள். ஏற்றத்தில் தண்ணீர் வழக்கத்தைவிட உயரும், வற்றத்தில் வெகுதூரம் உள்வாங்கும். சேற்றில் துள்ளும் மீன்களை அப்போது பார்க்கலாம். ஈரம் காயாதவரை தோலாலும் மூச்சு விடும் மீன் அது. அமாவாசை என்றைக்கு என்று கைப்பேசியில் தேட வேண்டாம், வீட்டில் பெரியவர் இருக்கிறார்.

அவரையும் கூட்டிச் செல்லுங்கள், முன் இருக்கையில். உங்கள் கணவரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை. அவருடைய தாய், அவருடைய மகன்; வண்டியை அவர் ஓட்டட்டும்.