எக்செல்லுக்கு முன்பே விரிதாள் மென்பொருள் இருந்ததா?

இருந்தது. எக்செல் வந்தது 1985இல், அதுவும் முதலில் மேக்கின்டாஷ் கணினிக்குத்தான். அதற்கு 6 ஆண்டுகள் முன்பே, 1979இல், ஆப்பிள் 2 கணினியில் விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தது.

ஹார்வர்டில் வணிகம் படித்த டான் பிரிக்லின், வகுப்பில் ஒன்றைக் கவனித்தார். கரும்பலகையில் ஓர் எண் மாறினால், அதைச் சார்ந்த எண்கள் அத்தனையையும் அழித்து எழுத வேண்டியிருந்தது. இந்த வேலையைக் கணினியே செய்யட்டுமே என்று யோசித்தார். நண்பர் பாப் ஃபிராங்க்ஸ்டன் நிரல் எழுத, விசிகால்க் பிறந்தது. அதில் 63 நெடுவரிசை, 254 வரிசை, அவ்வளவுதான்.

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் எங்கள் மாமாவின் மளிகைக் கடைப் பேரேடு இன்னும் கண்முன் நிற்கிறது. வெங்காய மூட்டைக்கு 2 வெள்ளி ஏறினால், ரப்பரால் தேய்த்துத் தேய்த்தே தாள் மெலிந்துவிடும். இப்போது ஒரு கட்டத்தைத் திருத்தினால் போதும், கூட்டுத்தொகை தானாக மாறுகிறது. என்னைக் கேட்டால், அந்த ஒரு யோசனைதான் விரிதாளின் உயிர்.

அப்புறம் 1983இல் ஐபிஎம் பிசிக்கு லோட்டஸ் 1-2-3 என்ற விரிதாள் வந்து விசிகால்க்கை ஓரங்கட்டியது. 1987இல் விண்டோஸுக்கு வந்த எக்செல், பிறகு லோட்டஸையும் முந்திவிட்டது.